முதல் பட்டதாரி சான்றிதழ்: இ-சேவை மையத்தில் வாங்குவது எப்படி இருக்கிறது?

குடும்பத்தில் முதல் ஆளாகப் பட்டப்படிப்பில் சேரும் பிள்ளைக்குக் கல்விக் கட்டணச் சலுகை வாங்கித் தரும் சான்றிதழ் இது. தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் பக்கம் பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் இ-சேவை மையங்களில் கூட்டம் அலைமோதும். அரசு மையத்தில் கட்டணம் 60 ரூபாய். தெருமுனை பிரவுசிங் சென்டரில் கூடுதலாகக் கேட்பார்கள், ஆனால் பொறுமையாக ஸ்கேன் செய்து தருவார்கள்.

முதலில் ஆதாரை வைத்து கேன் (CAN) எண், அதாவது இ-சேவையில் விண்ணப்பிப்பவருக்கான அடையாள எண், பதிய வேண்டும். ஓடிபி அதில் கொடுத்த கைபேசிக்குத்தான் வரும். அப்பா அந்த போனோடு காசிமேட்டிலிருந்து கடலுக்குப் போயிருந்தால் அன்றைக்கு வேலை நடக்காது. வீட்டில் இருப்பவர் எண்ணைக் கொடுங்கள்.

உண்மையான தலைவலி ஆவணம். அப்பா, அம்மா, அண்ணன், அக்கா எல்லாருடைய டி.சி. அல்லது மார்க் ஷீட் வேண்டும். தாத்தா, பாட்டியும் கணக்கில் உண்டு. படித்தவர்கள் வீட்டில் இதெல்லாம் ஃபைலில் பத்திரமாக இருக்கும். படிக்காத வீட்டில் ஏது? அந்த வீட்டுப் பிள்ளையிடம்தான் கேட்கிறார்கள். பள்ளிக்கே போகாதவர்களுக்கு உறுதிமொழி எழுதித் தர வேண்டும். டி.சி.யில் ஒரு இனிஷியல், ரேஷன் கார்டில் வேறு இனிஷியல் என்றால் வருவாய் ஆய்வாளரிடமே விண்ணப்பம் நின்றுவிடும், மண்டலத் துணை வட்டாட்சியர் வரை போகாது. நிராகரித்தால் புது விண்ணப்பம், மறுபடி 60 ரூபாய். பெயர்களை முன்கூட்டியே ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லும் மையம் கிடைத்தால் அதை விடாதீர்கள்.

கவுன்ட்டரில் யாரும் சொல்லாத விஷயங்கள் சில. 2010-11 முதல் இருக்கும் இந்தச் சலுகை கல்விக் கட்டணத்துக்கு மட்டும். பஸ், ஹாஸ்டல், தேர்வுக் கட்டணம் நம் தலையில்தான். ஒரு குடும்பத்தில் ஒருவருக்கே. கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால்தான் செல்லும். புரோக்கர் பேச்சை நம்பி மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் சான்றிதழ் வெறும் காகிதம். பொறியியல் கலந்தாய்வுக்குச் சான்றிதழோடு, மாணவரும் பெற்றோரும் கையெழுத்திட்ட கூட்டு உறுதிமொழியும் பதிவேற்ற வேண்டும். பலர் கோட்டை விடுவது இதில்தான்.

ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியா? அப்படியானால் முதலில் 7.5 சதவீத ஒதுக்கீட்டைப் பாருங்கள். அதில் இடம் கிடைத்தால் ஹாஸ்டல் செலவும் அரசுடையது. பெண் பிள்ளைகளுக்கு, 2022இல் நம்ம பாரதி மகளிர் கல்லூரியில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் தனி. வேறு உதவித்தொகை வாங்கினாலும் அது உண்டு.

ஐந்துக்கு மூன்று தரலாம். ரிசல்ட்டுக்குக் காத்திராமல் ஏப்ரலிலேயே விண்ணப்பித்தால் நான்கு.