நியூயார்க்கில் நாற்காலிக்குத்தான் விலை

சிறு உணவகங்களுக்குக் கணக்கு எழுதுவது என் பிழைப்பு. ஒரு சமையல்காரரின் கைமணம் எனக்கு நாக்கில் தெரிவதற்கு முன்பே அவருடைய வாடகையும் மின்கட்டணமும் தாளில் தெரிந்துவிடும். இந்தத் தொழில்கோளாறோடுதான் வெளியே சாப்பிடப் போகிறேன். அதனால், நியூயார்க்கில் இப்போது எங்கே சாப்பிடலாம் என்று யார் கேட்டாலும் என் பதில் கொஞ்சம் கசப்பாகவே இருக்கும். இந்த ஊரில் நல்ல சாப்பாடு இன்னும் மலிவாகக் கிடைக்கிறது. உட்காரும் நாற்காலிதான் விலை ஏறிவிட்டது.

ஒரு பில்லை எடுத்துக்கொள்வோம். மன்ஹாட்டனில் புதிதாகத் திறந்த ஓர் இடம். பெயர் வேண்டாம், அதே அச்சில் வார்த்த கடைகள் அந்த வட்டாரத்தில் நிறைய. சமையல் மேடையைச் சுற்றிப் பன்னிரண்டு உயரமான முக்காலிகள். மெனு கிடையாது, கொடுப்பதைச் சாப்பிட வேண்டும். சாப்பாட்டுக்கான பணத்தை முன்பதிவின்போதே கட்டிவிட வேண்டும். இங்கே படிக்க வந்திருக்கும் அண்ணன் மகனை அழைத்துப் போயிருந்தேன். முதல் தட்டில் கண்ணாடித் தகடாகச் சீவிய ஸ்காலப் இரண்டு துண்டு, மேலே பச்சை எண்ணெய் சில சொட்டு. அந்தச் சிப்பி எந்தக் கடலில் கிடைத்தது, எண்ணெய் எந்தத் தழையில் வடித்தது என்று பரிமாறிய இளைஞர் விளக்கி முடிப்பதற்குள் பையன் தட்டைக் காலி செய்துவிட்டான். "அத்தை, இது பசியை அடக்கவா, கிளப்பவா?" என்று என் காதருகே கேட்டான். நியாயமான கேள்வி.

சமையலைக் குறை சொல்ல மாட்டேன். நடுவில் வந்த வாத்துத் துண்டில் தோல் மொறுமொறுப்பாக, அடியில் இருந்த கொழுப்பு முழுவதும் உருகி இறங்கியிருந்தது. அந்த ஒன்றையே தட்டு நிறையத் தந்திருந்தால் எழுந்து கைகூப்பியிருப்பேன். ஆனால் கடைசி இனிப்பு வருவதற்குள்ளேயே அடுத்த பன்னிரண்டு பேர் கோட்டுகளோடு வாசலில் நிற்பது தெரிந்தது. இனிப்புக் கிண்ணத்தோடு டிப்ஸ் கேட்கும் திரையையும் நீட்டினார்கள். வாயில் கரண்டி, கையில் திரை.

ஒருவருக்கு 185 டாலர். நகரத்தின் விற்பனை வரி 8.875 சதவீதம், அதாவது 16 டாலர் 42 சென்ட். இருபது சதவீத டிப்ஸ் 37 டாலர். ஆக 238 டாலர் 42 சென்ட், தண்ணீரைத் தவிர எதையும் குடிக்காமல். வீட்டுக்கு வந்து பையன் நூடுல்ஸ் கிளறினான். நானும் ஒரு கிண்ணம் வாங்கிக்கொண்டேன்.

இதில் ஏமாற்று எதுவும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் மறுபக்கத்துக் கணக்கையும் நான்தான் எழுதுகிறேன். மெனு வைத்த கடைக்காரருக்கு இன்றிரவு எத்தனை மீன் போகும் என்று தெரியாது, மிஞ்சியது குப்பைக்கு. முன்பணம் வாங்கி ஒரே சாப்பாடு போடுகிறவருக்கு எத்தனை பேர், எத்தனை துண்டு என்பது காலையிலேயே தெரியும். வராமல் போகிறவரால் நஷ்டமில்லை. ஒரே இரவில் அதே பன்னிரண்டு முக்காலிகளை இரண்டு முறை விற்கலாம். மன்ஹாட்டன் வாடகையில் இது பிழைத்துக்கிடக்கும் வழி. அவர் பிழைக்க வேண்டியதுதான். அதற்காக அந்த ஏற்பாட்டையே புதிய கலை என்று நாம் கைதட்ட வேண்டியதில்லை. நான் பார்த்த வரையில், இந்த ஊரின் புதிய பாணிகளில் பாதி சமையலறையில் பிறந்தவை அல்ல, வாடகை ஒப்பந்தத்தில் பிறந்தவை. சின்னத் தட்டுகள், குறுகிய மெனு, தொண்ணூறு நிமிடக் கெடு, மேசையில் ஒட்டிய கியூஆர் கட்டம் எல்லாம் அந்த வகையில் சேர்த்திதான்.

டிப்ஸ் விஷயத்தில் மட்டும் வாசகர்கள் கோபத்தைக் கொஞ்சம் அடக்கிக்கொள்ள வேண்டும். 2025இல் நியூயார்க் நகரத்தின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 16 டாலர் 50 சென்ட். ஆனால் டிப்ஸ் வாங்கும் உணவகப் பணியாளருக்கு அந்த ஆண்டு முதலாளி 11 டாலர் கொடுத்தால் போதுமாக இருந்தது. மீதி 5 டாலர் 50 சென்ட் டிப்ஸிலிருந்து வரும் என்று சட்டமே கணக்குப் போட்டிருந்தது. டிப்ஸை ஒழித்துவிட்டு விலையிலேயே சம்பளத்தைச் சேர்க்கிறேன் என்று இந்த ஊரின் பிரபல உணவக அதிபர் டேனி மேயர் 2015இல் தன் உணவகங்களில் தொடங்கினார். ஊரே பேசியது. 2020இல் அவரே பழைய முறைக்குத் திரும்பிவிட்டார். எனவே திரையில் வரும் எண்ணைத் திட்டிக்கொண்டாவது அழுத்திவிடுங்கள். பில்லில் 'நிர்வாகக் கட்டணம்' என்று ஒரு வரி இருந்தால் மட்டும் அதன் கீழ் இருப்பதையும் படியுங்கள். அந்தப் பணம் பரிமாறியவர் கைக்குப் போகாது என்றால், இது டிப்ஸ் அல்ல என்று அங்கே தெளிவாக எழுதியிருக்க வேண்டும் என்பது இந்த மாநிலத்து விதி.

நாற்காலியின் விலை எங்கே போய் நின்றது தெரியுமா? இலவசமாகப் பிடித்த முன்பதிவை நூற்றுக்கணக்கான டாலருக்கு விற்கும் சந்தை ஒன்று உருவாகிவிட்டது. கணினி நிரல்களை ஓடவிட்டு நல்ல நேரத்து மேசைகளை அள்ளிவிட்டு, பிறகு ஏலம் போட்டார்கள். உணவகத்தின் சம்மதமில்லாமல் இப்படி விற்கக் கூடாது என்று மாநிலம் 2024 டிசம்பரில் சட்டம் கொண்டுவந்தது. மேசைக்குக் கள்ளச்சந்தை வந்து, அதைத் தடுக்கச் சட்டமும் வந்த ஊர் இது.

இந்த அமளிக்கு நடுவிலும் அலைந்து மேசை பிடிக்கத் தகுந்த இடங்கள் உண்டு. தமிழர்கள் எல்லோரும் முதலில் கேட்பது கிரீன்விச் அவென்யூவில் இருக்கும் தென்னிந்திய உணவகம் 'செம்ம'. 2021இல் திறந்தது, மறு ஆண்டே மிஷலின் நட்சத்திரம், அதன் சமையல்காரர் விஜய் குமாருக்கு 2025இல் நியூயார்க் மாநிலத்துக்கான ஜேம்ஸ் பியர்ட் விருது. நத்தைப் பிரட்டலையும் குடல் வறுவலையும் மன்ஹாட்டன் நடுவில், யாருக்காகவும் காரத்தைத் தணிக்காமல் வைத்திருப்பதை நான் மதிக்கிறேன். அதைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், நானும் நீட்ட வேண்டாம். மேசை கிடைத்தால் போங்கள். கிடைக்காவிட்டால் ஏழாம் எண் ரயிலில் ஏறி எதிர்த்திசையில் வாருங்கள்.

அந்த ரயில் நகரத்தின் குவீன்ஸ் பகுதிக்குள் நுழைந்த பிறகு ரூஸ்வெல்ட் அவென்யூவின் தலைக்கு மேலே தடதடக்கிறது. கீழே, ஜாக்சன் ஹைட்ஸில் திபெத்திய மோமோ, கொலம்பிய அரேப்பா, வங்காளத்து ஃபுச்கா வண்டி எல்லாம் நாலைந்து தெருக்களுக்குள். 78ஆம் தெரு முனையில் 'பிரியா லாண்டியா' என்ற மெக்ஸிகோ உணவு வண்டி நிற்கிறது. மொரேனோ சகோதரர்கள் 2019இல் தொடங்கியது. மெனு என்று பார்த்தால் நாலு பொருள்: டாக்கோ, டோஸ்டாடா, முலிட்டா, ஒரு கோப்பை இறைச்சிச் சாறு. மாட்டிறைச்சியை மிளகாயோடு மணிக்கணக்கில் வேகவைத்த குழம்பின் மேலே மிதக்கும் சிவப்புக் கொழுப்பில் சோள அடையைத் தோய்த்து, அப்படியே சட்டியில் போடுகிறார்கள். ஓரம் முறுகி வரும். நடு மட்டும் குழைவாக இருக்கும். நின்றபடி சாப்பிட வேண்டும். சட்டையில் ஒரு சொட்டு விழாமல் தப்பியவரை நான் பார்த்ததில்லை.

நின்று சாப்பிட்டால் மட்டும் செலவில்லாத வியாபாரம் என்று நினைத்துவிட வேண்டாம். தெரு வண்டிக்கான அனுமதிச் சீட்டு எண்ணிக்கைக்கு நகரம் 1983இல் உச்சவரம்பு போட்டது. அதனால் சீட்டு வைத்திருப்பவர் அதை வாடகைக்கு விடும் மறைமுக வியாபாரம் வளர்ந்தது. ஆண்டுக்கு 445 வீதம் பத்தாண்டுகளுக்குப் புதிய உரிமங்கள் என்று 2021இல் சட்டம் வந்தது. பசிக்கு வேகம் உண்டு, அலுவலகக் கோப்புக்குக் கிடையாது.

ஆகவே என் முழு மதிப்பெண் போவது குவீன்ஸ் நைட் மார்க்கெட்டுக்கு. ஜான் வாங் என்ற முன்னாள் வழக்கறிஞர் 2015இல் தொடங்கிய சனிக்கிழமை இரவுச் சந்தை. சின்ன வயதில் தைவானில் பார்த்த இரவுச் சந்தைகளின் நினைவில் தொடங்கியதாகச் சொல்கிறார். இடம் ஃப்ளஷிங் மெடோஸ் கொரோனா பூங்கா, அறிவியல் கூடத்தின் பின்புறம். 1964 உலகக் கண்காட்சிக்காக நாடுகள் அரங்கம் அமைத்த பூங்கா அது. பெல்ஜியன் வாஃபிள் அமெரிக்காவில் பெயர் வாங்கியதும் அங்கேதான். அன்று அரசாங்கங்களும் பெரிய கம்பெனிகளும் கடை விரித்தன. இன்று பகலில் வேறு வேலை பார்க்கிற குடும்பங்கள் மடக்கு மேசை விரிக்கின்றன. இதுவரை தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாடுகளின் சமையல் இங்கே வந்து போயிருக்கிறது.

சந்தையின் முதுகெலும்பு ஒரு விதி: பண்டங்களின் விலை ஐந்து டாலர், மிஞ்சிப் போனால் ஆறு. கணக்கெழுதுகிற எனக்கு இந்த விதியைக் கேட்டதும் பயமாக இருந்தது, விற்பவருக்கு என்ன மிஞ்சும் என்று. ஆனால் யோசித்துப் பார்த்தால், பத்தாண்டு வாடகை ஒப்பந்தம் இல்லை, பரிமாற ஆள் இல்லை, உடைய பீங்கான் இல்லை. வார நாள் வேலையை விடாமல், தன் பாட்டி சமையலுக்கு ஊரில் கிராக்கி உண்டா என்று ஒரு சனிக்கிழமையில் தெரிந்துகொள்ளலாம். உண்டு என்று தெரிந்துகொண்டவர்கள் கடையே திறந்திருக்கிறார்கள்; போர்ச்சுகல் முட்டை டார்ட் விற்ற 'ஜோயி பேட்ஸ்' இங்கே வளர்ந்து மன்ஹாட்டனுக்குப் போனது. வாங்குகிறவர் பக்கம் பார்த்தால், ஐந்து டாலருக்குத் துணிச்சல் வரும். தெரியாத நாட்டின் தெரியாத பண்டத்துக்கு யாரும் முப்பது டாலர் கொடுத்துப் பார்ப்பதில்லை. அளவு சிறியதுதான். அந்த விலைக்கு அப்படித்தான் இருக்க முடியும், மேலும் நாலு கடை பார்க்க வயிற்றில் இடம் வேண்டுமே.

நான் அதிக நேரம் நின்றது பர்மியப் பலாத்தா போடும் இடத்தில். எண்ணெயில் ஊறிய மாவு உருண்டையை எஃகு மேசையில் அறைந்து, ஓரத்தைப் பிடித்து வீசி, மறுபக்கம் விழும்போது இன்னும் விரியும்படி இழுக்கிறார்கள். கீழே இருக்கும் மேசை தெரிகிற அளவுக்கு மெலிந்ததும் நடுவில் கொத்துக்கறி மசாலா, நான்கு பக்கமும் மடிப்பு, உடனே கல்லுக்கு. கடித்தால் மேல் அடுக்கு நொறுங்கி, உள் அடுக்கு கறியின் சாற்றில் நனைந்து வருகிறது. நம் பரோட்டாவுக்கு இது ஒன்றுவிட்ட தங்கை. வரிசையில் என் முன்னால் நின்ற பெரியவர் இரண்டு வாங்கி, இரண்டையும் தானே சாப்பிட்டார்.

அண்ணன் மகன் உள்ளே நுழைந்ததும் கேட்ட முதல் கேள்வி, "அத்தை, எங்கே உட்காருவது?" என்பதுதான். நாற்காலிகள் கொஞ்சம்தான். புல்தரை நிறைய. ஒரு பழைய விரிப்பைக் கொண்டுபோயிருந்தேன். சேவிச்சே, பலாத்தா, டமாலே என்று ஆளுக்கு ஆறு பண்டம் சாப்பிட்டும் இருவருக்குமாகச் செலவு அறுபது டாலரைச் சுற்றித்தான். அந்த மன்ஹாட்டன் முக்காலியில் ஒருவருக்கு ஆனதில் நாலில் ஒரு பங்கு. சமையலின் நுணுக்கத்தில் இரண்டும் ஒன்று என்று சொன்னால் பொய். அந்த வாத்துக்கு இங்கே பதில் இல்லை. ஆனால் அங்கே ஒருவருடைய ருசியைப் பன்னிரண்டு பேர் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டோம். இங்கே எது முதலில், எது இரண்டாவது முறை என்பதைப் பையன் தீர்மானித்தான்.

போகிறவர்களுக்கு: ஏழாம் எண் ரயிலில் 111ஆம் தெரு நிலையத்தில் இறங்கி நடக்க வேண்டும். ஏப்ரல் மாதத்திலிருந்து அக்டோபர் வரைதான் சந்தை; அதே பூங்காவில் அமெரிக்க ஓபன் டென்னிஸ் நடக்கும் நாட்களில் இடைவேளை விடுகிறார்கள், தேதியைப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். இருட்டிய பிறகு கூட்டம் நெரியும், மாலை திறந்த சூட்டோடு போய்விடுவது உத்தமம். ஆளுக்கொரு வரிசையில் நின்று வாங்கி வந்து பங்கிடுங்கள். தனியாகப் போனால் சில கடைகளிலேயே வயிறு நிறைந்துவிடும். சில்லறை நோட்டுகள் இருக்கட்டும். மறக்காமல் விரிப்பு ஒன்று.