ஃபேமிலிசர்ச் செயலி: இலவசம்தான், இனிஷியல்தான் இடிக்கும்

வம்சாவளி தொகுக்கத் தொடங்குவோருக்கு இதுவே போதும். நடத்துவது அமெரிக்காவின் மார்மன் திருச்சபை, கட்டணம் கிடையாது. குடும்பப்பெயர்க் கட்டத்தில் அப்பா பெயரைப் போட்டால் ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு குடும்பப்பெயர் ஆகி, தேடல் குழம்பும். காலியாக விடுங்கள். இறந்தவர் பக்கத்தை யாரும் திருத்தலாம் என்பது பெரிய குறை. அதனால் ஆதாரப் படத்தை உடனே ஏற்றிவிடுங்கள்.

பெரியவர்களிடம் செயலியை நீட்டாதீர்கள். பழைய கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்துப் பேசவிட்டு, குரலைச் செயலியிலேயே பதியுங்கள். ஜாதகத்தில் ‘துந்துபி வருஷம்’ என்றிருந்தால் அது 1862 ஆகவும் இருக்கலாம், 1922 ஆகவும் இருக்கலாம். மூத்த பிள்ளையின் வயதோடு ஒட்டிப் பாருங்கள். தாய்மாமனையே மணந்தவரா? மாமனைப் புதிதாகச் சேர்க்காமல், ஏற்கெனவே உள்ள பதிவையே துணையாக இணைத்துவிடுங்கள்.