ரியோவில் ஒரே ஒரு பகல்: கிறிஸ்து மலையா, சர்க்கரை மலையா?

டிக்கெட் எடுப்பதற்கு முன் போட்டாஃபோகு கடற்கரையில் போய் நில்லுங்கள். எதிரே விரிகுடாவின் வாயில் மொட்டைப் பாறையாக நிற்பது சர்க்கரை மலை. அப்படியே திரும்பி அண்ணாந்தால் கோர்கோவாடு உச்சியில் கிறிஸ்து சிலை. சிலை தெளிவாகத் தெரிகிறதா, உடனே கிளம்புங்கள். அந்த இடத்தில் வெறும் வெள்ளை மட்டும் தெரிந்தால், மேலே போனாலும் அதே வெள்ளைதான்.

வித்தியாசமே உயரத்தில்தான் இருக்கிறது. கோர்கோவாடு 710 மீட்டர், சர்க்கரை மலை 396. கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலைச்சரிவில் ஏறும்போது குளிர்ந்து மேகமாகி, கிறிஸ்துவின் தோளில் உட்கார்ந்துகொள்ளும். குட்டை மலை பெரும்பாலும் அந்த மேகத்துக்குக் கீழேயே தப்பித்துவிடும். டிசம்பர் முதல் மார்ச் வரை பிற்பகலில் இடிமழை வேறு. ஆகவே கிறிஸ்துவுக்குக் காலை, சர்க்கரை மலைக்கு மாலை. இந்த வரிசையை மாற்றுகிறவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள்.

காலை என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சிலை கிழக்கு நோக்கி நிற்கிறது. காலையில் முகத்தில் வெயில் விழும். மதியத்துக்குப் பிறகு சூரியன் முதுகுப்பக்கம் போய்விடுவதால் படத்தில் கரிய நிழலுருவம்தான் கிடைக்கும். சிலை 30 மீட்டர், பீடம் 8 மீட்டர், விரித்த கைகள் 28 மீட்டர். முன்னால் இருக்கும் மேடையோ குறுகல். முழுச் சிலையும் படத்தில் அடங்க வேண்டுமென்றால் தரையில் படுத்துத்தான் எடுக்க வேண்டும்; எல்லோரும் படுக்கிறார்கள், கூச்சப்பட வேண்டாம். கிட்டே போனால் ஒன்றைக் கவனியுங்கள்: கான்கிரீட் உடம்பு முழுக்கச் சின்னச் சின்ன முக்கோணச் சில்லுகள். நம் ஊரில் கல்சட்டி குடைகிற அதே மாக்கல் வகை. வெயிலுக்கும் மழைக்கும் அசையாது, மின்னலிடம் மட்டும் தப்பாது. 2014 ஜனவரியில் வலது கட்டைவிரல் நுனியே பெயர்ந்தது.

மேலே போக மூன்று வழி. கோஸ்மி வேல்யு நிலையத்திலிருந்து பல்சக்கர ரயில். 1884-இல் தொடங்கிய பாதை, 3.8 கிலோமீட்டர், ஏறத்தாழ 20 நிமிடம். ஏறும்போது வலப்பக்க இருக்கையைப் பிடியுங்கள். டிக்கெட்டில் நேரம் குறித்திருக்கும், அதனால் ஒரு வாரம் முன்பே எடுப்பது வானிலையோடு ஆடும் சூதாட்டம். இரண்டாவது, லார்கு டு மஷாடுவிலிருந்தோ கோப்பகபானாவிலிருந்தோ அதிகாரபூர்வ வேன். சொந்தக் காரோ டாக்ஸியோ பைனெய்ராஸ் வரைதான். அங்கே வேன் மாற வேண்டும். மூன்றாவது, லாஜி பூங்காவிலிருந்து காட்டுப்பாதை. இரண்டு மூன்று மணி நேரச் செங்குத்து ஏற்றம், கடைசியில் பாறையில் இரும்புச் சங்கிலி பிடித்து ஏறும் இடமும் உண்டு. வழிப்பறி நடந்த பாதை என்பதால் தனியாகப் போகவே கூடாது.

சர்க்கரை மலையில் இந்தக் குழப்பம் கிடையாது. பிராயா வெர்மெல்யாவில் 'பொன்ஜீஞ்ஞு' என்று ஊர்க்காரர்கள் சொல்லும் கேபிள் கார். 1912-இல் முதல் கட்டம், 1913-இல் இரண்டாவது. ஒரு கூண்டில் 65 பேர், ஒவ்வொரு கட்டமும் மூன்றே நிமிடம். பலர் செய்யும் தவறு, நடுவில் உள்ள 220 மீட்டர் ஊர்க்கா குன்றில் இறங்கியதுமே அடுத்த கூண்டுக்கு ஓடுவது. விரிகுடாவும் படகுகளும் கைக்கெட்டும் தூரத்தில் தெரிவது இந்தக் குன்றிலிருந்துதான். காசு மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் இதுவரை நடந்தே வரலாம்: கிளாவ்ஜியு கொச்சின்யு கடலோர நடைபாதையில் போய், இடப்பக்கம் பிரியும் தடத்தில் ஏறினால் 30–40 நிமிடம். மழை பெய்த மறுநாள் வேர்கள் வழுக்கும். இதற்கு மேல் உச்சிக்கு நடைபாதை இல்லை, கயிறு கட்டிப் பாறை ஏறுபவர்களுக்கு மட்டும்தான்.

சூரியன் ஜூனில் மாலை 5:15 வாக்கில் மறையும், டிசம்பரில் 6:40 வாக்கில். அதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பாவது வரிசையில் நிற்க வேண்டும். பலத்த காற்றோ மின்னலோ வந்தால் கேபிள் கார் நிற்கும்.

ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் எங்கள் ஓட்டு சர்க்கரை மலைக்கே. கிறிஸ்து மலையில் நின்று பார்க்கும் ரியோவில் கிறிஸ்து இருக்க மாட்டார். சர்க்கரை மலையிலிருந்து பார்த்தால் அவருக்குப் பின்னாலேயே வானம் சிவக்கிறது, சாந்தோஸ் துமோன் விமான நிலையத்துக்கு இறங்கும் விமானங்கள் பக்கவாட்டில் போகின்றன.

இரண்டுக்கும் காசு கொடுக்க மனமில்லையா? கோர்கோவாடு போகும் சாலையில் சுமார் 360 மீட்டர் உயரத்தில் தோனா மார்த்தா காட்சிமேடை இருக்கிறது. நுழைவு இலவசம், சர்க்கரை மலை நேர் எதிரே, கிறிஸ்து தலைக்கு மேலே. டாக்ஸியைக் காத்திருக்கச் சொல்லிவிட்டுப் பாருங்கள். மேலே திரும்ப வண்டி கிடைப்பது கஷ்டம், இருட்டிய பிறகு அந்தச் சாலையில் நடக்கக் கூடாது.