சாஷா க்ருஷார்ஸ்காவுக்காக ஒரு டிவிடி

கொன்ராட் வுல்ஃப் இயக்கிய ‘ஷ்டெர்னெ’ (நட்சத்திரங்கள்) படத்தின் ஜெர்மன் டிவிடியை வாங்கினேன். கிழக்கு ஜெர்மனியின் அரசுத் திரைப்பட நிறுவனமான டெஃபாவும் பல்கேரியாவின் சோபியா ஸ்டூடியோவும் சேர்ந்து எடுத்த கறுப்பு வெள்ளைப் படம், 1959. இதைத் தேடுபவர்களில் பாதிப்பேர் வுல்ஃபுக்காகத் தேடுவார்கள். நான் வாங்கியது கதாநாயகி சாஷா க்ருஷார்ஸ்கா என்ற பல்கேரிய நடிகைக்காக. அவருக்காக மட்டுமே கூட வாங்கலாம் என்பதுதான் என் கருத்து, ஆனால் டிவிடியைப் போட்டவர்களுக்கு அவர் ஞாபகமே இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

கதை 1943இல் நடக்கிறது. கிரேக்க யூதர்களை ஆஷ்விட்ஸ் கொலைமுகாமுக்குக் கொண்டுபோகும் வழியில் பல்கேரியாவின் ஒரு சிற்றூரில் முள்கம்பிக்குள் அடைத்து வைக்கிறார்கள். அவர்களில் ஒருத்தி ரூத், ஆசிரியை. உள்ளே ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி. வேலிக்கு வெளியே நிற்கும் வால்டர் என்ற ஜெர்மன் வீரனிடம் ரூத் உதவி கேட்கிறாள். ஓவியம் வரைகிற ஆள், கெட்டவன் இல்லை, ஆனால் எதிலும் தலையிட விரும்பாதவன். முதலில் கைவிரிக்கிறான். அப்புறம் மனசு கேட்காமல் டாக்டரைக் கூட்டி வருகிறான். அங்கிருந்து இருவருக்கும் இடையே ஏதோ தொடங்குகிறது, அதைக் காதல் என்று சட்டென்று சொல்லிவிடவும் முடியவில்லை.

க்ருஷார்ஸ்காவின் நடிப்பில் எனக்குப் பிடித்தது, உதவி கேட்கும் காட்சியில் கூட அவர் கெஞ்சுவதில்லை என்பது. கேட்கிறார், கிடைக்கவில்லை, உடனே அவனை எடை போட்டுவிடுகிறார், அவ்வளவுதான். இரவில் இருவரும் ஊருக்குள் நடக்கும் காட்சிகளில் வால்டராக வரும் யூர்கன் ஃப்ரோரீப் பேசித் தீர்க்கிறார், இவர் பெரும்பாலும் கேட்டுக்கொண்டே வருகிறார், ஆனால் நம் கண் இவர் முகத்தை விட்டு நகருவதில்லை. கேமரா வெர்னர் பெர்க்மன், போரில் ஒரு கையை இழந்தவர். அந்த முகத்துக்கு எவ்வளவு வெளிச்சம் போதும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஃப்ரோரீப் பின்னாளில் கிழக்கு ஜெர்மன் தொலைக்காட்சியில் ‘பொலிட்சைரூஃப் 110’ தொடரின் காவல் அதிகாரியாக வீட்டுக்கு வீடு தெரிந்த முகம் ஆனார். க்ருஷார்ஸ்காவின் பெயர் இந்தப் படத்தோடு சேர்த்துத்தான் இன்றும் வெளியே பேசப்படுகிறது.

சரி, டிவிடிக்கு வருவோம். படம் தெளிவு, கறுப்பு நல்ல அழுத்தமாக இருக்கிறது, அங்கங்கே கீறல் உண்டு, பெரிதாக உறுத்தாது. ஒலி சுமார். என் உண்மையான புகார் சப்டைட்டில் மீது. இந்தப் படத்தில் ஜெர்மன், பல்கேரியன், யூதர்கள் தங்களுக்குள் பேசும், ஸ்பானிய மொழியிலிருந்து வந்த லடினோ எல்லாம் கலந்து வருகின்றன. யார் யாருக்குப் புரியாத மொழியில் பேசுகிறார்கள் என்பதிலேயே பாதி நாடகம் இருக்கிறது. நான் வாங்கிய பதிப்பு எல்லாவற்றையும் ஒரே வெள்ளை எழுத்தில் ஓட்டிவிடுகிறது. மொழி மாறும்போது சாய்வெழுத்தாவது போட்டிருக்கலாம்.

கூடுதல் அம்சங்கள் என்ற பெயரில் இருப்பது எல்லாம் வுல்ஃப் பற்றித்தான். ஹிட்லருக்குத் தப்பி மாஸ்கோ போன குடும்பம், செஞ்சேனையில் பணி, எல்லாம் முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் திரைக்கதை எழுதிய ஆங்கெல் வாகன்ஷ்டைன் பல்கேரிய யூதர், நாஜி எதிர்ப்புப் போரில் பிடிபட்டு மரண தண்டனை விதிக்கப்பட்டவர், மாஸ்கோ திரைப்படப் பள்ளியில் வுல்ஃபோடு படித்தவர். அவருக்கு ஒரு வரி. க்ருஷார்ஸ்காவுக்கு நடிகர் பட்டியலில் பெயர், அதற்கு மேல் ஒரு புகைப்படம் கூட இல்லை. கான் திரைப்பட விழாவில் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசு வாங்கிய படம், அதுவும் கிழக்கு ஜெர்மனியை மேற்கு நாடுகள் அங்கீகரிக்காத காலம் என்பதால் பல்கேரியப் படமாகப் போய் வாங்கியது. அப்படியிருக்க அதன் பல்கேரியக் கதாநாயகிக்கு இரண்டு பக்கம் ஒதுக்க முடியாதா?

வரலாற்றுக் குறிப்பு ஒன்றாவது வைத்திருக்க வேண்டும். படத்தில் பழி பெரும்பாலும் ஜெர்மானியர் தலையில் விழுகிறது. நிஜத்தில் 1943 மார்ச்சில், பல்கேரியா பிடித்து வைத்திருந்த திரேஸ், மாசிடோனியா, பிரோட் பகுதிகளிலிருந்து 11,343 யூதர்களைப் பிடித்துக் கொடுத்தது பல்கேரிய நிர்வாகமே. அவர்கள் போய்ச் சேர்ந்தது ஆஷ்விட்ஸ் அல்ல, ட்ரெப்ளிங்கா என்ற இன்னொரு நாஜி கொலைமுகாம். பல்கேரியாவுக்குள் வாழ்ந்த சுமார் 48,000 யூதர்கள் தப்பித்தார்கள் என்பதும் உண்மை. இந்த இரண்டையும் தெரிந்துகொண்டு பார்த்தால் படம் இன்னும் கனமாகிறது.

வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியது: ஜெர்மன் டிவிடி ரீஜியன் 2, இந்தியா ரீஜியன் 5, எனவே எல்லா ரீஜியனும் ஓடும் பிளேயர் வேண்டும். ஐரோப்பிய டிவி முறையான பால் (PAL) முறையில் சற்று வேகமாக ஓடுவதால் 92 நிமிடப் படம் 88இல் முடிந்துவிடும், வெட்டிவிட்டார்கள் என்று பதற வேண்டாம். பழைய பிரதி ஏதாவது மலிவாகக் கிடைத்தால் கடைசிக் காட்சியைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்குங்கள், ஏனென்றால் மேற்கு ஜெர்மனியில் 1960இல் திரையிட்டபோது வால்டர் எதிர்ப்புப் படையினரோடு சேரும் கடைசிக் காட்சியை வெட்டிவிட்டுத்தான் காட்டினார்கள். படத்துக்கு ஐந்துக்கு நாலரை, டிவிடிக்கு மூன்று.