பையன் ஸ்கூல்ல பசங்களே நடத்துற கடை: நோட்டு கண்ண மூடிட்டு வாங்கலாம், பேனா வேணாம்

மொதல்லயே சொல்லிடுறேன், என் பையன் அந்த ஸ்கூல்லதான் ஏழாவது படிக்கிறான், கடையில அவனுக்கும் பத்து ரூபா பங்கு ஒண்ணு இருக்கு, அதனால சொந்தக் கடைக்கு வெளம்பரம் பண்றேன்னு நீங்க நெனச்சா நெனச்சுக்கோங்க. கடையில இருக்குற கோளாறையும் எழுதத்தான் போறேன். ஸ்கூல் பேரு வேணாம், சேலத்துல ஏற்காடு அடிவாரத்துக்குப் போற பக்கம்னு வெச்சுக்கோங்க.

கடைன்னா பெருசா ஒண்ணுமில்ல. மாடிப்படிக்கு அடியில முன்னாடி ஓட்ட ஃபுட்பாலும் கிழிஞ்ச வலையும் போட்டு வெச்சிருந்த ரூமு. ஒரு பெஞ்ச குறுக்க போட்டா அதான் கவுன்ட்டர். மேல பெயின்ட்ல மாணவர் கூட்டுறவு பண்டகசாலைன்னு எழுதியிருக்கு. இந்தப் போர்டப் பாத்துட்டு எங்க வீட்டுக்காரரு, நாங்க படிக்கும்போதும் இருந்துச்சே, கிளார்க் அண்ணன் உக்காந்து பேப்பர் படிச்சிட்டிருப்பாருன்னு சிரிச்சாரு. அது பேருக்குத்தான் மாணவர் கடை. இங்க பில்லு போடுறது, ஸ்டாக் எண்ணுறது, கணக்கு எழுதுறது எல்லாமே எட்டாவதுல இருந்து பதினொண்ணாவது வரைக்கும் உள்ள பிள்ளைங்க.

நான் அங்க போனதுக்குக் காரணமே கோவம்தான். போன ஜூன்ல டவுன்ல ஒரு கடையில நோட்டு வாங்கப் போனா, தனித்தனியா தரமாட்டோம் செட்டாத்தான் எடுக்கணும்னுட்டாங்க, அந்த செட்டுல ஏழாவது பையனுக்கு எதுக்குன்னே தெரியாத ரெண்டு கிராஃப் நோட்டு, ஒரு டஜன் லேபிளு, பிரவுன் ஷீட் ரோலு எல்லாம் சேத்து கட்டி வெச்சிருந்தாங்க, அவுத்துக் குடுங்கன்னா மூஞ்சத் திருப்பிக்கிட்டாங்க. பசங்க கடையில எது வேணுமோ அது மட்டும். 192 பக்கம் லாங் சைஸ் கோடு போட்ட நோட்டு 54 ரூபா, நான் டவுன்ல குடுத்தது 65. பன்னெண்டு நோட்டுக்கு கணக்கு போட்டுப் பாருங்க, 132 ரூபா. தாளும் நல்ல தாளு, இங்க் பேனாவுல எழுதினா பின்பக்கம் ஊறல, நடுவுல தையல் போட்டது, பின் அடிச்சது இல்ல. ரஃப் நோட்டு மட்டும் மட்டம், ஆனா ரஃப் நோட்டுக்கு அது போதும்.

2025 செப்டம்பர் 22ல இருந்து நோட்டு, பென்சில், ரப்பர், ஷார்ப்னர் எதுக்கும் ஜிஎஸ்டி இல்லன்னு ஆச்சுல்ல, நோட்டுக்கு அதுக்கு முன்னாடி 12 சதவீதம். அப்ப இவங்ககிட்ட வரி கட்டி வாங்குன பழைய ஸ்டாக்கு அலமாரி நெறைய கெடந்துருக்கு. அத பழைய வெலைக்கே வித்துடலாமான்னு மீட்டிங் போட்டு, வேணாம் இன்னைக்கே கொறச்சிடுவோம்னு கை தூக்கி முடிவு பண்ணியிருக்காங்க. அந்த மாசம் லாபம் படுத்துருச்சு, அதையும் அப்படியே சுவத்துல ஒட்டியிருக்காங்க. ஆமா, மாசா மாசம் வரவு செலவு கைல எழுதி கவுன்ட்டர் பக்கத்துலயே ஒட்டுறாங்க. எங்க அபார்ட்மென்ட் மெயின்டனன்ஸ் கணக்கு மூணு வருஷமா கேக்குறேன், இன்னும் கண்ணுல காட்டல.

பங்கு விஷயம் எப்படின்னா, ஒரு பங்கு பத்து ரூபா, ஒரு பையன் அஞ்சு பங்கு வரைக்கும் வாங்கலாம், ஆனா எத்தன பங்கு இருந்தாலும் ஓட்டு ஒண்ணுதான். வாங்குறதெல்லாம் ஒரு சின்ன பாஸ்புக்ல ஏறும். வருஷக் கடைசியில மிச்சம் நிக்கிற காச, யாரு எவ்வளவுக்கு வாங்குனாங்களோ அந்த அளவுக்குப் பிரிச்சுக் குடுக்குறாங்க, பங்குக்குன்னு ஒரு சின்ன வட்டி மட்டும் தனியா. என் பையன் போன வருஷம் 640 ரூபாய்க்கு வாங்கியிருந்தான், ரூபாய்க்கு அஞ்சு பைசா வீதம் 32 ரூபா, பங்கு வட்டி 60 பைசா. அந்த 60 பைசாவ எப்படிக் குடுக்குறதுன்னு தெரியாம அடுத்த வருஷ பாஸ்புக்ல வரவு வெச்சுட்டாங்க. அந்தப் பக்கத்த வீட்டுக்கு வர்றவங்ககிட்ட எல்லாம் எடுத்துக் காட்டுறான்.

இதெல்லாம் யாருப்பா சொல்லிக் குடுத்தான்னு கவுன்ட்டர்ல இருந்த பையன்கிட்ட கேட்டேன். ஒம்பதாவது, அம்மாபேட்டைப் பையன். "1844லயே இங்கிலாந்துல ராக்டேல்னு ஒரு ஊருல 28 பேரு சேந்து ஆரம்பிச்சாங்க ஆன்ட்டி, நெறைய பேரு நெசவு வேல பாத்தவங்க, மொதல்ல கடையில வெண்ண, சக்கர, மாவு, ஓட்ஸ் மாவு, கொஞ்சம் மெழுகுவத்தி அவ்ளோதான் இருந்துச்சாம்"னு கடகடன்னு ஒப்பிச்சான். சரி டீச்சர் எழுதிப் போட்டத மனப்பாடம் பண்ணிருக்கான்னு நெனச்சேன். அடுத்து அவனா சொன்னான், "எங்க தாத்தா கைத்தறி சங்கத்துல மெம்பரு, சங்கத்துல நூல் குடுப்பாங்க, நெய்து குடுத்தா கூலி, தீபாவளிக்கு போனஸு. அங்க மீட்டிங்ல தாத்தா வாயே தெறக்க மாட்டாரு, நான் இங்க பேசுவேன்". சொல்லிட்டு மீதி சில்லறைய எண்ணிக் குடுத்தான்.

பேசுறாங்கதான். போன பேரன்ட்ஸ் மீட்டிங் அன்னைக்கு மிளகு வித்தாங்க. ஏற்காடு மேல ஊருங்கள்ல இருந்து வந்து ஹாஸ்டல்ல தங்கிப் படிக்கிற பிள்ளைங்க வீட்டுல, காப்பிக்கு நெழலா நிக்கிற மரத்துல ஏத்திவிட்ட மிளகு. நல்லா காஞ்சது, ரெண்டு போட்டு ரசம் வெச்சாலே காரம் தொண்டையப் புடிக்குது. இதுல கடைக்கு கமிஷன் எடுக்கலாமா வேணாமான்னு பெரிய சண்டையாம். கடை மேசையில விக்கிறோம், மத்தவங்க பொருளுக்கு எடுக்குற மாதிரி இதுக்கும் எடுக்கணும்னு ஒரு கோஷ்டி, அவங்களும் மெம்பர்தானே நம்ம ஆளுகிட்டயே லாபம் வெக்கிறதான்னு இன்னொரு கோஷ்டி. கடைசியில பாக்கெட்டு கவர் காசு மட்டும் எடுத்துக்குறதுன்னு ஓட்டுல ஜெயிச்சுது. ரெண்டு பக்கமும் நியாயம் இருக்குன்னுதான் எனக்குத் தோணுது, நானா இருந்தா கமிஷன் பக்கம்தான் கை தூக்கியிருப்பேன்.

இப்ப கோளாறு.

பேனா வாங்காதீங்க. அஞ்சு ரூபா பால்பாயின்ட் நாலு வாங்குனதுல மூணு லீக்கு, சட்ட பாக்கெட்டு ரெண்டு போச்சு. திருப்பிக் கொண்டு போனப்ப மறு பேச்சு பேசாம சேத நோட்டுல எழுதிட்டு மாத்திக் குடுத்தாங்க, சரி, ஆனா மாத்திக் குடுத்ததும் அதே பேனாதான். ஏன் வேற பிராண்டு போடலன்னு கேட்டா, பர்ச்சேஸ் டீச்சர் கையிலயாம். இதான் எனக்குப் பெரிய கொற. மொத்தக் கடைக்குப் போறது, வெல பேசுறது, செக்குல கையெழுத்து போடுறது மூணும் பெரியவங்க. செக்கு சரி, சின்னப் பிள்ளைங்க பேர்ல வெக்க முடியாது, புரியுது. வெல பேசவாவது ரெண்டு பேரக் கூட்டிட்டுப் போகலாம்ல? ஏவாரத்துல பாதி விஷயம் அங்கதான இருக்கு.

நேரமும் கஷ்டம். காலைல பெல்லுக்கு முன்னாடி அர மணி நேரம், அப்புறம் இன்டர்வல், அவ்ளோதான். இன்டர்வல்ல ஆறாவது பிள்ளைங்க வரிசையில நிக்கும், பத்தாவது பசங்க மேல கை நீட்டி வாங்கிட்டுப் போயிடுவாங்க, கவுன்ட்டர்ல இருக்குறவனும் அண்ணன்னு பயந்து குடுத்துடுறான். பரீட்ச வந்தா கடைய இழுத்துப் பூட்டிடுறாங்க, ஸ்கேலும் பென்சிலும் அன்னைக்குத்தானப்பா வேணும்! இன்னொண்ணு, நான் போன நாலு தடவையும் கவுன்ட்டர்ல பசங்க, உள்ள லெட்ஜர்ல பொண்ணுங்க. ஏன் கண்ணு நீ வெளிய நிக்கலயான்னு ஒரு பொண்ணுகிட்ட கேட்டேன். "அவனுங்களுக்கு டேலி ஆகாது ஆன்ட்டி"ன்னு தலையத் தூக்காமயே சொன்னுச்சு.

திங்கிறதுக்கு சிப்ஸ், கலர் தண்ணியெல்லாம் கெடையாது. கொழுப்பு, சக்கர, உப்பு ஜாஸ்தியான அயிட்டத்த ஸ்கூலுக்குள்ளயும் சுத்தி 50 மீட்டருக்குள்ளயும் விக்கக் கூடாதுன்னு உணவுப் பாதுகாப்பு ரூல்ஸ் 2020லயே வந்துருச்சு. அதனால கடல உருண்ட, அவிச்ச மரவள்ளிக் கெழங்கு, சுண்டல். கெழங்கு பத்து ரூபா, பதினொரு மணிக்குள்ள தீந்துடும். தட்டுவட செட்டு போடலாம்னு ஒருத்தன் தீர்மானம் கொண்டு வந்து தோத்துட்டான், சேலத்துல தட்டுவட தோத்த ஒரே எடம் இதுவாத்தான் இருக்கும்.

வெளி ஆளுங்க பேரன்ட்ஸ் மீட்டிங் சனிக்கெழம ஒரு மணி வரைக்கும் வாங்கலாம், பாஸ்புக் இல்லாததால வருஷக் கடைசி காசு கெடைக்காது. ஜிபே கெடையாது, பிள்ளைங்க ஸ்கூலுக்கு போன் கொண்டு வரக் கூடாது. 54க்கு சில்லறையா எடுத்துட்டுப் போங்க, நூறு ரூபா நோட்ட நீட்டுனா பக்கத்து கிளாஸுக்கு ஓடிப் போய் மாத்திட்டு வர்ற வரைக்கும் நிக்கணும். பையும் நீங்களே கொண்டு போகணும்.