நாகலாபுரம் மலை மடுக்கள்: குதிக்க அழைத்துச் செல்லும் ஒரு சேவை

சென்னையிலிருந்து ஊத்துக்கோட்டை வழியாக ஆந்திர எல்லையைக் கடந்து, திருப்பதி மாவட்டத்து நாகலாபுரம் மலைக்கு ஒருநாள் பயணமாக அழைத்துச் சென்று, ஓடை மடுக்களில் நீந்தவும் பாறையிலிருந்து குதிக்கவும் ஏற்பாடு செய்யும் ஒரு சிறு குழுவோடு கடந்த தை மாதம் சென்று வந்தேன். ஆளுக்கு 1,600 ரூபாய் வாங்கினார்கள். குழுவின் பெயரை எழுதவில்லை. நான் சொல்லப்போகும் குறை அவர்களுக்கு மட்டும் உரியதன்று. நீரை அளப்பதில் அவர்கள் தேர்ந்தவர்கள். அடிபட்ட ஒருவரை அந்த நீரிலிருந்து சாலைவரை கொண்டுசேர்ப்பதைப் பற்றி அவ்வளவாக யோசிக்காதவர்கள்.

மலை வனத்துறையின் காப்புக்காடு என்பதால் அனுமதியில்லாமல் நுழையக் கூடாது. அனுமதிக் கடிதத்தை நான் கேட்ட பிறகுதான் காட்டினார்கள். கேட்காமலே வண்டி ஏறும் இடத்தில் எல்லோருக்கும் காட்டியிருக்க வேண்டும்.

வழிகாட்டியாக வந்த பெரியவர் எல்லையோரக் கிராமத்துக்காரர். தமிழும் தெலுங்கும் ஒரே வாக்கியத்தில் வரும். நாம் மடு என்பதை அவர் மடுகு என்பார். தடாவுக்குப் பக்கத்து உப்பலமடுகு அருவியின் பெயரிலும் இருப்பது அதே சொல்தான். இரண்டாவது மடுவை அடைந்ததும் நம் பையன்கள் சட்டையைக் கழற்றத் தொடங்க, அவர் பையிலிருந்து ஒரு கொத்தனாரின் தூக்குக்குண்டை எடுத்தார். அடிக்கு ஒரு முடிச்சாகப் போட்ட நைலான் கயிற்றில் அது கட்டப்பட்டிருந்தது. "மூணாள் ஆழம்னு எல்லாரும் சொல்லுவாங்க சார், எந்த எடத்துலன்னு சொல்ல மாட்டாங்க" என்றபடி அவர் குண்டை இறக்கியபோது மடுவின் நடுவில் 14 அடி வந்தது. ஆனால் குதிக்கும் பாறையின் விளிம்பிலிருந்து இரண்டு முழம் தள்ளி இறக்கியபோது 6 அடியிலேயே குண்டு கல்லில் தட்டி நின்றது. அந்தக் கல்லை அவர் கோடையில் நீர் வற்றியபோதே பார்த்துவைத்திருந்தார். அப்படியிருந்தும் ஏன் மறுபடி அளக்கிறார் என்றால், ஐப்பசி, கார்த்திகை மழையில் வரும் வெள்ளம் பெருங்கற்களைப் புரட்டிப்போட்டு மணலையும் இடம் மாற்றிவிடுவதால், போன ஆண்டின் ஆழம் இந்த ஆண்டுக்கு ஆகாது. கயிற்றை எடுத்த பிறகு, நீச்சல் கண்ணாடி அணிந்த இளைஞர் ஒருவர் மூழ்கி, மரக்கிளை ஏதும் சிக்கியிருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்து வந்தார்.

கண்ணை நம்பக் கூடாது என்பதை நான் அங்கேதான் உணர்ந்தேன். தெளிந்த நீர், நேர் மேலிருந்து பார்க்கும்போது உண்மை ஆழத்தில் ஏறக்குறைய முக்கால் பங்காகவே தெரியும். அதாவது அது நம்மைப் பயமுறுத்துமே தவிர அவ்வளவாக ஏமாற்றாது. பாறை நிழல் விழுந்த கரிய நீரும், மழைக்குப் பிந்தைய கலங்கல் நீரும் அப்படியல்ல. முழங்கால் அளவு நீரும் அங்கே அடியில்லாததுபோல் தோன்றும். அருவி நேராக விழும் இடத்தில் வெள்ளையாக நுரைத்திருக்கும் நீரில் காற்று கலந்திருப்பதால் அது உடலைத் தாங்குவது குறைவு என்று சொல்லி, அந்தப் பக்கம் யாரையும் விடவில்லை.

உயரத்தில் பெரியவர் கறாராக இருந்தார். கீழ்த்திட்டு ஏறத்தாழ 10 அடி. அங்கிருந்து குதிப்பவர் மணிக்கு 28 கிலோமீட்டர் வேகத்தில் நீரைத் தொடுவார். மேல்திட்டு 20 அடி இருக்கும். வேகம் 39 கிலோமீட்டர்தான் என்றாலும் நீர் தாங்கவேண்டிய மோதலின் ஆற்றல் இரு மடங்கு. மேல்திட்டில் பாசி படிந்திருந்தது. ஓடிவந்து எம்பினால்தான் அடியிலுள்ள கல்லைத் தாண்ட முடியும், பாசியிலோ ஓட முடியாது. ஆகவே மேல்திட்டு கிடையாது என்று சொல்லிவிட்டார். கூடுதல் பணம் தருவதாகச் சொன்ன ஒருவரிடமும் அதே பதில்தான். தலைகீழாகப் பாயக் கூடாது, கால் முதலில், கைகளை உடலோடு ஒட்டிக்கொண்டு, ஒருவர் கரையேறிய பிறகே அடுத்தவர் என்ற விதிகளையும், நீந்தத் தெரியாதவருக்கு உயிர்காப்புச் சட்டை என்ற விதியையும் மாலைவரை தளர்த்தவில்லை.

இனி குறை. குதிப்பதற்கு இடம் பார்த்த அளவுக்குக் கரையேறுவதற்கு இடம் பார்க்கவில்லை. மடுவின் மூன்று பக்கமும் செங்குத்தான வழுக்குப்பாறை. ஏறக்கூடியது ஒரே ஒரு பிளவு. அதில் கயிறு கட்டச் சொன்னபோதுதான் கட்டினார்கள். அங்கிருந்து வண்டி நிற்கும் இடத்துக்கு ஓடைக்கல் மேல் தாவித்தாவி நடக்க எங்களுக்கே ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. கழுத்தில் அடிபட்டவரைத் தலையும் முதுகும் ஒரே நேராக இருக்கும்படி பலகையில் கிடத்தித்தான் தூக்கவேண்டும். இழுத்தால் தண்டுவடம் போய்விடக்கூடும். குழுவிடம் பலகையும் இல்லை, கழுத்துப்பட்டையும் இல்லை. பஞ்சும் களிம்பும் இருந்தன. 108-ஐ அழைக்கலாம் என்றார்கள். மடுவில் கைப்பேசிக்கு ஒரு கோடுகூட வரவில்லை. சிக்னல் கடைசியாக எந்தத் திருப்பத்தில் கிடைக்கிறது, யார் அங்கே ஓடவேண்டும் என்பது யாருக்கும் தெரியவில்லை. 10 அடிக் குதியாக இருந்தாலும் சாலை இவ்வளவு தொலைவில் இருந்தால் அது சிறிய குதி அல்ல.

மழையைப் பற்றிய கவனம் போதுமானதாக இருந்தது. மேல்மலையில் இடி கேட்டாலோ, ஓடை நீர் திடீரெனப் பழுப்பாகிச் சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, பையை விட்டுவிட்டு மேட்டுக்கு ஏறவேண்டும் என்று காலையிலேயே சொல்லிவைத்தார்கள். மதியத்துக்குத் தந்த புளிச்சோறு நன்றாக இருந்தது, உப்பு சற்றுக் கூடுதல்.

திரும்பிய மறுநாள், மடக்கக்கூடிய தூக்குப்பலகை, கரையேறும் கயிறு, சிக்னல் கிடைக்கும் இடத்தின் குறிப்பு ஆகிய மூன்றையும் கேட்டு எழுதினேன். அடுத்த பயணத்துக்குள் வாங்கிவிடுவதாகப் பதில் வந்திருக்கிறது. கல்லூரியில் படிக்கும் என் மகன் போகவேண்டும் என்கிறான். பலகையை நேரில் பார்த்த பிறகே பணம் கட்டுவதாக இருக்கிறேன்.