லாடமா, வெறுங்குளம்பா? மலைநாட்டு மட்டக்குதிரைக்கு எது தாங்கும்

நுவரெலியாவில் குதிரை வைத்திருப்பவர்கள் இரண்டு பேர் சந்தித்தால் இந்த வழக்கு தொடங்கிவிடும். "லாடம் இல்லாமல் தார் ரோட்டில் ஆள் ஏற்றுவது பாவம்" என்பார் ஒருவர். "ஆணி அடித்த குளம்புதான் அண்ணே முதலில் கெடும், வெறுங்காலோடு விடுங்கள்" என்பார் மற்றவர். இரண்டு பேச்சிலும் உண்மை உண்டு. ஆனால் இரண்டு பேரும் குதிரை நடக்கும் நேரத்தை மட்டுமே கணக்கில் எடுக்கிறார்கள். வாவிக் கரையில் சவாரி போகும் மட்டக்குதிரை ஒரு நாளில் நடப்பதைவிட நிற்பதே அதிகம். அது நிற்கும் இடம் சேறா, காய்ந்த தரையா என்று கேட்காமல் லாடத்தைப் பற்றி முடிவெடுக்கக் கூடாது என்பது என் கட்சி.

இந்த ஊரின் தன்மை அப்படி. 1,868 மீற்றர் உயரம். மே தொடங்கிச் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. ஒக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடிமழை. ஜனவரி, பெப்ரவரியில் விடியற்காலைப் புல்லில் உறைபனி, பகலில் சுள்ளென்ற வெயில். ஏப்ரல் வந்தால் சீசன் கூட்டம். 1875 முதல் இருக்கும் பந்தயத் திடலில் அந்த மாதம் ஓடும் குதிரைக்குக் காலடியில் புல்தரை, முதுகில் இலேசான ஜொக்கி. அதே ஊரில், கிரகரி வாவியை ஒட்டிப் பதுளை வீதியில் நடக்கும் மட்டக்குதிரைக்குத் தாரும் சேறும் மாறி மாறி வரும். ஏறுகிறவர் எந்த எடையிலும் இருப்பார். பந்தயக் குதிரைக்குப் போடும் மெல்லிய அலுமினிய லாடத்தைப் பார்த்து மட்டக்குதிரைக்கு முடிவெடுக்க இயலாது.

குளம்பு மாதத்துக்கு ஏறக்குறைய 6 முதல் 10 மில்லிமீற்றர் வளரும். நெற்றிப் பக்கத்தில் மயிர்க்கோட்டிலிருந்து தரைவரை முழுச் சுவரும் புதிதாக ஒரு வருடம் அளவில் ஆகும். ஆகவே இந்த மழைக்கு வெடித்த சுவர் அடுத்த மழைவரை கூடவே வரும். சமதரையில் நிற்கும்போதே உடல் எடையில் சுமார் 60 சதவீதம் முன்னங்கால்களில் இருக்கிறது. இறக்கத்தில் அந்தப் பங்கு இன்னும் கூடும். நம் ஊரில் இறக்கம் இல்லாத பாதை எது?

லாடம்

லாடத்தின் நியாயம் ஒன்றுதான்: தேய்மானம் வளர்ச்சியை மிஞ்சும்போது அது குளம்பைக் காக்கும். தாரிலும் கிரவலிலும் தினமும் பல சுற்றுப் போகும் குதிரைக்குச் சுவர் தேய்ந்து, அடித்தகடு தரையில் பட ஆரம்பிக்கும். அடித்தகடு முழு எடையையும் தனியே தாங்கப் படைக்கப்பட்டதல்ல. கல் குத்தினால் உள்ளே இரத்தம் கன்றிவிடும். அந்த நிலையில் லாடம் மறுப்பது குதிரைக்குச் செய்யும் நன்மையல்ல.

தேய்மானம் மிஞ்சுகிறதா என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. மயிர்க்கோட்டுக்கு ஒரு சென்ரிமீற்றர் கீழே அரத்தால் மெல்லிய கீறல் போடுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, மயிர்க்கோட்டிலிருந்து கீறல்வரை ஓர் அளவும் கீறலிலிருந்து தரைவரை இன்னோர் அளவும் எடுங்கள். முதல் அளவு கூடுவது வளர்ச்சி, இரண்டாவது குறைவது தேய்மானம். எது பெரிது என்று ஒன்றரை மாதத்தில் தெரியும். ஆனால் அந்தக் காலத்தில் குளம்பை வெட்டக் கூடாது.

இனி லாடத்தின் பாதகம். மலைநாட்டில் இதுதான் கனமான பக்கம். மழைக்காலத்தில் நாள் முழுக்க ஈரத்தில் ஊறிய குளம்புச் சுவர் மெதுமெதுத்துப் போகும். ஆணிக்குப் பிடிமானம் இருக்காது. தளர்ந்த லாடம் சேற்றில் சிக்கிக் கழன்றால் சுவரின் ஒரு துண்டையும் பிய்த்துக்கொண்டு போகும். பாதி கழன்ற லாடத்தின் ஆணியைக் குதிரை தானே மிதிப்பதும் உண்டு. லாடத்துக்குள் அடைந்த சேறு காற்றுப் படாமல் இருப்பதால், அடியில் முக்கோணமாக இருக்கும் மெத்தைப் பகுதியின் இடுக்குகளில் அழுகல் வேகமாகப் பிடிக்கும். மழை நனைந்த தார் இறக்கத்தில் வழுவழுத்த இரும்பு வழுக்கும். டங்ஸ்டன் முனை வைத்த ஆணி பிடிப்புத் தரும். ஆனாலும் பிடிப்பு மிஞ்சினால் கால் இயல்பாகச் சற்றே சறுக்கி நிற்க முடியாமல் அதிர்ச்சி மூட்டுக்கு ஏறும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, லாடம் ஒருமுறை அடித்துவிட்டு மறந்துபோகிற பொருளல்ல. 6 முதல் 8 வாரத்துக்குள் கழற்றி, குளம்பை வெட்டி, திரும்ப அடிக்க வேண்டும். லாடம் வளராது, குளம்பு வளரும். மூன்று மாதம் விட்டால் குளம்பு முன்னே நீண்டு, லாடத்தின் பின்முனை குதிப் பக்கம் உள்ளே அமுக்கும், குதிரை இடறும். சுவருக்கும் அடித்தகட்டுக்கும் நடுவே ஓடும் வெள்ளைக்கோட்டுக்கு வெளியேதான் ஆணி இறங்க வேண்டும். உள்ளே இறங்கினால் அன்றைக்கோ நாலாம் நாளோ நொண்டும். கை தேர்ந்த லாடக்காரர் வேளைக்கு வருவார் என்ற உறுதி இல்லாதவர் லாடத்தைத் தொடாமல் இருப்பது நல்லது.

வெறுங்குளம்பு

வெறுங்குளம்புக் கட்சிக்காரர்கள் எப்போதும் எடுத்து வீசும் கேள்வி: "நெடுந்தீவுக் குதிரைக்கு யார் லாடம் அடித்தார்கள்?" நல்ல கேள்விதான். பதிலும் அந்தத் தீவிலேயே இருக்கிறது. வடக்கே கடலில் கிடக்கும் நெடுந்தீவு சமதரை; பவளச் சுண்ணாம்புக்கல் நிலம்; வருடத்தில் பல மாதம் காய்ந்து கிடக்கும். அந்தக் குதிரைகள் மேய்ச்சலுக்காகவும் தண்ணீருக்காகவும் தாமாக நடக்கின்றன. முதுகில் யாரும் இல்லை. கல் தரை குளம்பைத் தேய்த்துத் தேய்த்து அளவாக வைக்கிறது. நம் குதிரை நனைந்த மண்ணில் நின்று, கட்டளைக்கு நடந்து, ஆள் சுமக்கிறது. அந்தக் குளம்பை இந்தத் தரைக்குக் கொண்டுவந்து ஒப்பிடுவது சரியாகாது.

இருந்தாலும் வெறுங்குளம்புக்கு உண்மையான பலம் உண்டு. குளம்பு ஒவ்வொரு அடிக்கும் குதிப் பக்கம் சற்று விரிந்து சுருங்கும். அடிமெத்தை தரையில் பட்டு அதிர்வை வாங்கும். நனைந்த தாரில் இரும்பைவிட வெறுங்குளம்பு நன்றாகப் பிடிக்கும். அடியைத் தினமும் கண்ணால் பார்க்க முடிகிறது. அழுகல், வெடிப்பு, குத்தின கல் எதுவும் ஒளிந்திருக்காது. செலவும் குறைவு. வெட்டுவது மட்டும் லாடத்தைப் போலவே 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை நடக்க வேண்டும்.

லாடத்தில் பழகிய குதிரையை ஒரே நாளில் வெறுங்காலாக்கி மறுநாள் கிரவலில் ஏற்றக்கூடாது. அடித்தகடு தடித்துத் தாங்க மாதக்கணக்காகும். அதுவரை புல்தரை, மணல், குறைந்த சுற்று.

றப்பர் காலணி என்று மூன்றாவது வழியும் உண்டு. வேலை நேரத்தில் மாட்டி, முடிந்ததும் கழற்றுவது. லாடத்திலிருந்து வெறுங்காலுக்கு மாறும் காலத்துக்கும் அடி காயப்பட்ட குதிரைக்கும் நல்லது. அளவு சரியில்லாவிட்டால் குதிச்சதையை உராய்ந்து புண்ணாக்கும், சேற்றில் கழன்றுபோகும். தினசரி சவாரிக்கு இதை நம்ப நான் சொல்லமாட்டேன்.

நிற்கும் தரை

சவாரி முடிந்த குதிரையை எங்கே கட்டுகிறோம்? பெரும்பாலும் வாவி ஓரப் புல், வீட்டுப் பின்புறச் சேறு, அல்லது சீமெந்துத் தரை. மூன்றிலும் குறை உண்டு, ஆனால் ஒரே அளவு குறையல்ல.

சேறு மிக மோசம். மூத்திரமும் சாணமும் கலந்த ஈரத்தில் காற்றில்லாமல் வாழும் கிருமிகள் அடிமெத்தையின் இடுக்கில் பெருகும். கறுத்த கசிவும் மூக்கைத் துளைக்கும் நாற்றமும் வந்தால் அழுகல் தொடங்கிவிட்டது. கொக்கியால் தினமும் அடியைச் சுரண்டி, கழுவி, காயவிட்டால் ஆரம்பத்திலேயே நின்றுவிடும். மயில்துத்தம் போடும் பழைய வைத்தியம் பலனுள்ளதுதான். ஆனால் கட்டியாக அப்பினால் நல்ல சதையையும் எரித்துவிடும், நீர்த்த கரைசலே போதும். பழைய எஞ்சின் ஒயில் தடவும் பழக்கத்தை மட்டும் தயவுசெய்து விடுங்கள். மருந்து எதுவானாலும், திரும்பச் சேற்றில் கட்டினால் நாலு நாளில் பழைய நிலைதான்.

சீமெந்து காயும், கழுவலாம். ஆனால் கடினம், குளிர், நனைந்தால் வழுக்கும். படுத்து எழும் இடத்தில் முட்டிகளும் உராயும். மேலே தடித்த றப்பர் விரிப்பும் அதற்கு மேல் படுக்கையும் போட்டால்தான் அது குதிரைக்கு உகந்த இடம்.

நான் முதலிடம் கொடுப்பது கல்தூள் முற்றத்துக்கு. கீழே பெரிய சல்லி, அதன்மேல் சிறிய சல்லி, மேலே கல்குவாரிக் கல்தூளை நாலு விரற்கடை தடிப்பில் பரப்பி இடித்து இறுக்குவது. நூறு அடிக்கு இரண்டடி சாய்வு இருந்தால் தண்ணீர் ஓடிவிடும். கல்தூள் காலடிக்கேற்ப இளகி இடங்கொடுக்கும், அடிமெத்தைக்குத் தாங்கலாக இருக்கும், மழை விட்டதும் விரைவில் காயும். மேலே கூர்மையான சல்லி தலைகாட்டினால் மட்டும் பொறுக்கி எறிய வேண்டும்.

ஆனால் மலைச்சரிவில் முற்றம் போடுகிறவர் கல்தூளுக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு: மேல்பக்கம் கான் வெட்டுவது. சரிவிலிருந்து இறங்கும் தண்ணீரை முற்றத்துக்குள் விடாமல் சுற்றித் திருப்பினாலே பாதிச் சேறு ஒழிந்துவிடும். தேயிலை மலையில் தலைமுறை தலைமுறையாகக் கான் வெட்டிப் பழகிய கைகள் இருக்கும் ஊர் இது. அந்த அறிவு லாயத்துக்கு வராமல் இருப்பதுதான் எனக்கு ஆதங்கம்.

படுக்கைக்கு உமி மலிவு. ஆனால் ஈரத்தை உறிஞ்சாது. தும்புத்தூள் நன்றாக உறிஞ்சும், அழுகவும் நாளெடுக்கும். நனைந்த இடத்தைத் தினமும் எடுக்க வேண்டும். மரச்சீவல் நல்லது, மரத்தூளோ மூச்சுக்கு ஆகாது. வைக்கோலை நம் ஈரக் காற்று சீக்கிரம் பூஞ்சணம் பிடிக்க வைத்துவிடும். நான் தும்புத்தூள் பக்கம்.

லாடத்தைச் சாராத நொண்டல்

எல்லா நொண்டலையும் லாடத்தின் தலையில் போடக்கூடாது. இறுகிய சமதரையில் கயிற்றைத் தளரப் பிடித்து நேராகச் சிறு ஓட்டம் விட்டுப் பாருங்கள். முன்னங்கால் வலி என்றால் அந்தக் கால் தரையில் படும்போது தலை மேலே எழும். நல்ல கால் படும்போது தாழும். பின்னங்கால் என்றால் அந்தப் பக்கத்துப் புட்டம் அதிகமாக ஏறி இறங்கும். ஒரே காலை, அதுவும் திடீரென்று, தரையில் வைக்கவே மறுத்துக் குளம்பும் சூடாக இருந்தால் உள்ளே சீழ் கட்டியிருக்கலாம். இரண்டு முன்னங்கால்களையும் முன்னே நீட்டி, எடையைப் பின்னுக்குச் சாய்த்து, நகர மறுத்தால் அது குளம்புத்தாள் அழற்சி. உள்ளே எலும்பைச் சுவரோடு பிணைக்கும் தாள்கள் வீங்கி விடுபடும் ஆபத்து அது. நடக்க வைக்காதீர்கள், குளம்பைக் குளிர்ந்த நீரில் வைத்து, ஆழமான படுக்கை போட்டு, உடனே மிருக வைத்தியரை அழையுங்கள். கொழுத்த குதிரைக்கும், சுற்றுலா வந்தவர்கள் பாணும் சோறும் ஊட்டிய குதிரைக்கும் இது வரும்.

இன்னொரு காரணம் இங்கே அதிகம் பேசப்படுவதில்லை. மலைநாட்டில் பரந்து கிடக்கும் கிக்குயு புல்லில் ஒக்சலேற்று உண்டு. அது கல்சியத்தைப் பிணைத்து உடம்பில் சேரவிடாது. அதோடு பொஸ்பரசு மிகுந்த தவிட்டையும் வாளி வாளியாக வைத்தால், குதிரை எலும்பிலிருந்தே கல்சியத்தை எடுக்கத் தொடங்கும். இன்று ஒரு கால், அடுத்த வாரம் வேறு கால் என்று மாறி மாறித் தாங்கி நடக்கும். நாளடைவில் முக எலும்பும் புடைக்கும். எந்த லாடமும் இதைத் தீர்க்காது. தவிட்டைக் குறைத்து, கல்சியம் எவ்வளவு சேர்ப்பது என்று வைத்தியரிடம் கேட்க வேண்டும்.

எடையும் அப்படியே. சேணத்தோடு சேர்த்துக் குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றக்கூடாது என்பது பொதுவாகப் பின்பற்றப்படும் அளவு. 250 கிலோ மட்டக்குதிரைக்கு 50 கிலோ. வளர்ந்த ஆள் ஒருவர் ஏறினாலே அந்த எல்லை தாண்டிவிடும். நொண்டும் குதிரைக்கு எல்லை பூச்சியம்.

யாருக்கு எது

ஏப்ரல் சீசனில் மட்டும் தார் ரோட்டில் கடுமையாக வேலை செய்யும் குதிரைக்கு, மார்ச் கடைசியில் முன்னங்கால்களுக்கு மட்டும் லாடம் அடிப்பேன். மே தொடக்கத்தில், தென்மேற்கு மழை பிடிக்குமுன் கழற்றிவிடுவேன். ஒரே சுற்று; இடையில் மறு அடிப்பு வேண்டியதில்லை. ஆணியும் ஈரச் சுவரில் தளராது.

வருடம் முழுக்கப் புல்தரையில் குழந்தைகளை ஏற்றும் குதிரைக்கு வெறுங்குளம்பு. கீறல் அளவு எடுத்து, தேய்மானம் மிஞ்சினால் மட்டும் மறுயோசனை.

வருடம் முழுக்கத் தாரில் வேலை என்றால் லாடம் தவிர்க்க முடியாது. ஆனால் அந்தக் குதிரைக்குத்தான் கல்தூள் முற்றம் எல்லோரையும்விட அவசியம். லாடத்துக்கும் முற்றத்துக்கும் சேர்த்துக் காசில்லை என்றால் முற்றத்தை முதலில் போட்டு, அதுவரை தார்ச் சுற்றுகளைக் குறையுங்கள்.

எந்த வகையானாலும் ஏற்புவலித் (டெட்டனஸ்) தடுப்பூசி போட்டிருக்க வேண்டும்; குதிரைக்கு அந்த நோய் எளிதில் பற்றும், பற்றினால் பிழைப்பது அரிது. அடியில் ஆணி ஏறியிருப்பதைக் கண்டால், மேலும் ஆழ இறங்கும் ஆபத்து இல்லாதவரை இழுக்காமல், அந்தக் காலை ஊன்ற விடாமல் வைத்தியர் வரும்வரை வைத்திருங்கள். இழுத்தே ஆகவேண்டுமானால் எந்த இடம், எந்தச் சாய்வு, எவ்வளவு ஆழம் என்று குறித்து, அந்த ஆணியையும் எடுத்து வையுங்கள். உள்ளே எலும்போ மூட்டோ தொடப்பட்டதா என்று வைத்தியர் அதை வைத்துத்தான் தேடுவார்.